உல்லாசக் கப்பலும் வயிறு என்னும் அமானிதமும்

பிரயாணத்தை வேதனையின் ஒரு பகுதி என்று நமது நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் வர்ணித்திருக்கிறார்கள். ஊணும் நீரும் உறக்கமும் பயணிக்கு ஒழுங்காகக் கிட்டாமற் போவதை அதற்குக் காரணமாகவும் கூறி, போன காரியம் முடிந்ததும் தாமதியாமல் குடும்பத்தாரிடம் திரும்பிவிடும்படி ஏவியிருக்கிறார்கள். ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இருக்கிறது.

இந்த ஹதீஸை இன்றைய உல்லாசக் கப்பல் ஒன்றின் உணவுக்கூடத்தில் நின்றுகொண்டு நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் திறந்த கூடம் இரவு வெகுநேரம் வரை மூடுவதில்லை. ஒரு மேசையில் ரொட்டி வகைகள், அடுத்ததில் சோறும் கறியும், அதற்கடுத்ததில் பொரித்தவை, கடைசியில் இனிப்புகள். பயணம் முழுவதற்கும் சேர்த்துப் பணம் முன்னமேயே கட்டியாகிவிட்டது. எத்தனை முறை எழுந்து போனாலும் ஏனென்று கேட்பாரில்லை. அன்று பயணிக்குச் சோறு தடைபட்டது. இன்று சோற்றிலிருந்து பயணியைத் தடுப்பதற்குத்தான் ஆளில்லை!

நமது முன்னோரும் கப்பல் ஏறியவர்கள்தாம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் சென்ற 'ரஜூலா', அதன் பிறகு வந்து 1985-ஆம் ஆண்டுத் தீ விபத்தோடு ஓட்டம் நின்றுபோன 'சிதம்பரம்' ஆகிய கப்பல்களின் பெயர்கள் நம் கடற்கரை ஊர்களில் இன்னும் பேசப்படுகின்றன. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனதை எண்ணி எண்ணி உண்டு, வாந்தியும் மயக்கமுமாக அக்கரை சேர்ந்தவர்கள் அவர்கள். பம்பாயிலிருந்து ஜித்தா சென்ற ஹஜ்ஜுக் கப்பல்களும் 1995-ஆம் ஆண்டோடு நின்றன. அந்தப் பயணங்களில் உடம்பு பெருத்துத் திரும்பியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இன்று நிலைமை வேறு. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமித் துறையிலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி ஸீஸ்' என்னும் கப்பலுக்கு 20 தட்டுகள். அது நிறைந்தால் ஏறத்தாழ 7,600 பயணிகள், அவர்களுக்குப் பணிபுரிய 2,350 ஊழியர்கள். ஒரு சிற்றூரே கடலில் மிதக்கிறது என்று சொன்னால் மிகையல்ல. ஹாஜிகள் வந்திறங்கிய அதே ஜித்தாவிலிருந்து 2024 டிசம்பரில் 'அரோயா' என்னும் உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கியிருக்கிறது. சிங்கப்பூரில் இதற்கென்றே 2012-இல் மெரினா பே துறைமுக நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து கிள்ளான், பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் சென்று திரும்பும் பயணங்களில் நமது தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் இப்போது நிறையப் போகின்றன.

அப்படிப் போய்வந்த சகோதரி ஒருவர் அனுப்பிய கடிதம்தான் இக்கட்டுரைக்குக் காரணம். நான்கு இரவுப் பயணம் சென்று வந்து நிறுத்துப் பார்த்தபோது மூன்று கிலோ கூடியிருந்ததாம். கணவரும் கணவரின் தம்பிமாரும் அதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்களாம். இந்த ஆண்டும் போக ஏற்பாடாகியிருக்கிறது. சர்க்கரை வியாதியுள்ள மாமியாரும் உடன் வருகிறார். சகோதரி கேட்பது மூன்று. உடம்பு பெருப்பது பாவமா? பணம் கட்டிய உணவை உண்ணாமல் விடுவதுதானே வீண்விரயம்? நாக்கை அடக்க மார்க்கத்தில் வழி ஏதும் உண்டா?

இது மார்க்கப் பத்திரிகையில் கேட்கும் விஷயமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கப்பல் ஏறுமுன் நம்மவர்கள் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி, உணவு ஹலாலா என்பது. அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஹலாலா என்று கேட்ட வாய், எவ்வளவு என்று கேட்பதேயில்லை. திருமறையின் ஏழாவது அத்தியாயமாகிய அல்அஃராஃபின் 31-ஆம் வசனம் உண்பதற்கும் பருகுவதற்கும் அனுமதியளித்த அதே மூச்சில் வரம்பு கடத்தலையும் விலக்குகிறது. உண்ணக் கூடாத பொருளைப் பற்றிய தடையல்ல அது. உண்ணக் கூடிய பொருளிலேயே எல்லை தாண்டுவதைப் பற்றிய தடை. பன்றியிறைச்சிக்கு எதிரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், ஹலால் மேசையில் நான்காவது தட்டை நிரப்புகிறவர் இந்த வசனத்துக்குள் வந்துவிடுகிறார்.

முதலில் அந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஏனெனில் ஷைத்தான் நம் காதில் ஓதுவது அதைத்தான். பணம் கொடுத்தாயிற்றே, விடலாமா என்று. சகோதரியே, நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது அந்தக் கூடத்திலுள்ள உணவையல்ல; அதிலிருந்து தேவைக்கு உண்ணும் அனுமதியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். விருந்தாளியின் முன் வைக்கப்பட்ட உணவு அவருக்கு உடைமையாகிவிடுவதில்லை, உண்ணுவதற்கு ஆகுமாக்கப்பட்டதே தவிர வேறில்லை என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். களரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் மடியில் கட்டிக்கொண்டு வருவது கூடாது என்பதும் இதனால்தான். கப்பலிலும் அவர்கள் அனுமதித்த வழக்கம் எதுவோ அதுவே அளவு. நீங்கள் இரண்டு இட்லியோடு எழுந்தாலும், வயிறு வெடிக்க உண்டாலும் கட்டிய பணம் திரும்பி வரப்போவதில்லை. பணம் போனது ஒரு செலவு. அதை ஈடுகட்டுவதாக நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்வது அதன்மேல் இரண்டாவது நஷ்டம். எந்த வியாபாரியாவது இதை லாபம் என்று எழுதுவானா?

'துர்ருல் முக்தார்', 'ஃபதாவா ஹிந்திய்யா' போன்ற ஹனஃபீ நூற்களில் உண்பதைத் தரம் பிரித்திருக்கிறார்கள். உயிர் போகாமல் காக்கும் அளவு உண்பது ஃபர்ளு. நின்று தொழவும் நோன்பு நோற்கவும் சக்தி தரும் அளவு உண்டால் நன்மையுண்டு. வயிறு நிறையும் வரை உண்பது ஆகுமானது. நிறைந்த பின்னும் உண்பது ஹராம். அதிலும் இரண்டு விலக்குத் தந்திருக்கிறார்கள்: மறுநாள் நோன்புக்குத் தெம்பு தேவையென்றோ, நாம் கையை எடுத்தால் கூட உண்ணும் விருந்தாளி கூச்சப்பட்டு எழுந்துவிடுவார் என்றோ சற்றுக் கூடுதலாக உண்ணலாம். பணம் கட்டிவிட்டேன் என்பதற்காக உண்ணலாம் என்று மூன்றாவது விலக்கை எந்த இமாமும் எழுதவில்லை. ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த நம் கடற்கரை மக்களுக்கும் சொல்கிறேன்: நிறைந்த பின் உண்பது மக்ரூஹ், உடலுக்குத் தீங்கு என்ற நிலையை எட்டினால் ஹராம் என்பது அங்குள்ள நிலை. சர்க்கரை வியாதிக்காரருக்கு அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று வைத்தியரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

இனி உடம்பு பெருப்பது பாவமா என்ற கேள்வி. இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் தவறாகிவிடும். கடலோரத்தில் உடம்பு பெருத்த ஸஹாபாக்களின் செய்தியே ஹதீஸில் இருக்கிறது!

ஹழ்ரத் அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முன்னூறு பேரை நாயகம் (ஸல்) அவர்கள் கடற்கரைப் பக்கம் அனுப்பினார்கள். கையில் இருந்தது ஒரு பை பேரீச்சம் பழம். அது குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு பழம் என்றாயிற்று. குழந்தை சப்புவதைப்போல் அதைச் சப்பி, மேலே தண்ணீரைக் குடித்துக்கொண்டு இரவு வரை ஓட்டினார்கள். பிறகு கம்பால் இலைகளை அடித்து உதிர்த்து நனைத்து உண்டார்கள். அந்த வேளையில் கடல், மணல்மேடு போன்ற ஒரு பெரும் மீனைக் கரையில் ஒதுக்கிற்று. அதன் கண்குழியில் பதின்மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அதன் விலா எலும்பை நிறுத்திவைத்தபோது உயரமான ஒட்டகம் அதன் கீழே நுழைந்து போயிற்று. நாட்கணக்காக அதையே உண்டு, உடல் தேறிக் கொழுத்தோம் என்னும் கருத்தில் ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மதீனா திரும்பியதும் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைக் கண்டிக்கவில்லை. அல்லாஹ் வெளிப்படுத்தித் தந்த உணவு அது என்று கூறி, மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கித் தாமும் உண்டார்கள்.

ஆகவே அல்லாஹ் அளித்த உணவை உண்டு உடம்பில் சதை போடுவது தானாகவே பாவமாகிவிடாது. ஆனால் இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. சிறந்த தலைமுறைகளுக்குப் பின்னால் வரும் ஒரு கூட்டத்தை ஹழ்ரத் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியில் நாயகம் (ஸல்) அவர்கள் அடையாளம் காட்டினார்கள். அழைக்காமலே சாட்சி சொல்வார்கள், நம்பிக்கை மோசம் செய்வார்கள், நேர்ச்சையை நிறைவேற்ற மாட்டார்கள் என்பவற்றோடு, அவர்களிடையே பருமன் தோன்றும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கமெழுதும்போது, பிறவியிலேயே பருமனாக இருப்பவர் இந்தப் பழிப்பில் சேரமாட்டார், தேடித் தேடி உண்டு அதைச் சம்பாதிப்பவரே சேருவார் என்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் பழிக்கப்பட்டது உடம்பின் அளவல்ல, வயிற்றையே குறிக்கோளாக்கிக்கொண்ட வாழ்க்கைதான். பசித்த ஸஹாபாக்கள் உண்டு தேறினார்கள். நாமோ பசி என்ன என்பதே தெரியாமல் நான்கு நாட்கள் உண்கிறோம். இரண்டும் ஒன்றாகுமா?

இங்கே வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியின் உடம்பைப் பற்றித் தம்பிமாரை வைத்துக்கொண்டு கேலி பேசும் உரிமை உங்களுக்கு யார் தந்தது? ஒரு பிரயாணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், அன்னையார் வென்றார்கள். பின்னொரு காலத்தில் அன்னையாருக்குச் சதை போட்டிருந்தபோது மறுபடியும் ஓடினார்கள். இம்முறை நாயகம் (ஸல்) அவர்கள் வென்று, அன்றைய தோல்விக்கு இது ஈடாயிற்று என்று சொன்னார்கள். அபூதாவூதில் உள்ள இச்செய்தியைப் பாருங்கள்: மனைவியின் உடம்பு பெருத்திருப்பது கணவருக்குத் தெரிகிறது, அன்னையாரே அதைத் தம் வாயால் சொல்கிறார்கள், ஆயினும் நாயகம் (ஸல்) அவர்களின் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. வந்தது ஓட்டத்துக்கான அழைப்பு! மனைவி இளைக்க வேண்டும் என்று விரும்பும் கணவர், கப்பலின் மேல்தட்டில் நடக்க அவளைத் தாமே கூட்டிக்கொண்டு போகட்டும்.

இன்னொன்றும் உண்டு. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பேச்சில் குறிப்பிட்டபோது, கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடக்கூடிய சொல் அது என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகியவற்றில் இது இருக்கிறது. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்திருக்க, ஒரு பெண்ணின் உடம்பைச் சொல்லிச் சிரிக்கிறவர்களுக்கு இதைவிட நேரான பாடம் வேறென்ன வேண்டும்?

சகோதரியும் அந்த மூன்று கிலோவைக் கண்டு ஒரேயடியாக மிரள வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உண்ண வேண்டும் என்று வைத்தியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மூன்று கிலோவுக்கு 23,000-க்கும் மேல். நான்கு நாளில் அதை உண்பதென்றால் அன்றாட உணவுக்கு மேல் நாளொன்றுக்கு 5,800 கலோரி அளவு உண்ண வேண்டும். சாதாரண மனிதரால் அது ஆகிற காரியமல்ல. எனவே கூடிய எடையில் பெரும்பகுதி, உப்பு மிகுந்த உணவு உடம்பில் நிறுத்திவைத்த நீரும், குடலில் தங்கிய உணவும்தான். வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாட்களில் அது வடிந்துவிடும். வடியாமல் தங்குவது ஒரு கிலோவோ, அதிலும் குறைவோ. ஆனால் ஆண்டுக்கு ஒரு கிலோ வீதம் தங்கினால் பத்தாண்டில் பத்து கிலோ. நம் வீடுகளில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் சர்க்கரையும் கொதிப்பும் இப்படித்தான் ஓசையில்லாமல் வந்து குடியேறுகின்றன.

தராசு என்று சொன்னதும் வேறொரு தராசும் நினைவுக்கு வருகிறது. மறுமையில் கொழுத்துப் பெருத்த ஒருவன் கொண்டுவரப்படுவான், கொசுவின் இறக்கையளவு எடையும் அல்லாஹ்விடம் அவனுக்கு இராது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஹழ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைப் பார்த்துத் தோழர்கள் சிரித்தபோதோ, அந்தக் கால்கள் மீஸானில் உஹது மலையைவிடக் கனமானவை என்றார்கள். குளியலறைத் தராசைத் தினமும் பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். நாக்கை அடக்கும் வழி மார்க்கத்தில் நிறைய இருக்கிறது. அவற்றை நாம் பாலர் மதரஸாவில் மனனம் செய்துவிட்டு வாழ்க்கையில் மறந்துவிட்டோம். சிறுவராயிருந்த ஹழ்ரத் உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களின் கை தட்டு முழுவதும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். ஒரே ஸஹனைச் சுற்றி நால்வர் உட்கார்ந்து உண்ணும் நம் ஊர் வழக்கத்தில் இந்த ஸுன்னத் தானாக உயிரோடிருக்கிறது. அங்கே ஒருவர் அதிகம் எடுத்தால் மற்றவர் கண்ணுக்குத் தெரியும். வெட்கம் கையைப் பிடிக்கும். பஃபே என்னும் இந்த எடுத்துண்ணும் முறையில் அந்த வெட்கம் இல்லை. ஐம்பது வகைகளும் 'அருகிலிருப்பவை' ஆகிவிடுகின்றன. வகை கூடினால் வயிறு நிறைந்தது தெரியாது. சோற்றில் அலுத்த நாக்கு இனிப்பைக் கண்டதும் புதிதாகப் பசிக்கிறது. வைத்தியர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆகவே கூடத்துக்குள் நுழைந்ததும் தட்டைக் கையில் எடுக்காமல் ஒரு முறை முழுவதும் சுற்றிப் பார்த்துவிடுங்கள். எது ஹலால், எது சந்தேகத்துக்குரியது என்று விசாரிக்கும் வேலையும் அப்போதே முடிந்துவிடும். இறால், நண்டு, கணவாய் விஷயத்தில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால் அவரவர் மத்ஹபைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மது பரிமாறும் மேசையில் உட்காருவதை நபிமொழி விலக்கியிருக்கிறது. இடத்தைத் தேடி எடுத்து உட்காருங்கள். பார்த்தவற்றில் இரண்டையோ மூன்றையோ தேர்ந்து, சிறிய தட்டில் ஒரே தடவை எடுத்து வந்து, உணவு மேசைகள் கண்ணில் படாத பக்கமாக அமருங்கள். பேரீச்சம் பழத்தைக்கூடக் கூட உண்பவரின் சம்மதமில்லாமல் இரண்டிரண்டாக வாயில் போடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹழ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இனிப்பு மேசையில் நிற்கும்போது இந்த ஒரு ஹதீஸ் ஞாபகமிருந்தால் போதும்.

மெதுவாக உண்ணுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சுமார் இருபது நிமிடம் பிடிக்கும். விரல்களைச் சூப்பி, தட்டை வழித்து உண்ணும் ஸுன்னத்தில் இந்த அவகாசமும் அடங்கியிருக்கிறது. எந்தப் பகுதியில் பறக்கத் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது என்பதுதான் அதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய காரணம். எடுத்ததை மிச்சம் வைத்து எழுவது இன்று நாகரிகமாகிவிட்டது. பரிமாறும் அந்தப் பிள்ளைகள் பல மாதங்கள் குடும்பத்தைப் பிரிந்து, நாம் எறிந்த கோழித் துண்டைக் குப்பையில் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணில் முஸ்லிமின் தட்டு எப்படித் தெரிய வேண்டும்?

குடிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 330 மில்லி கோலாப் பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை, ஏழெட்டுத் தேக்கரண்டி. பழச்சாறு என்று எழுதி வைத்திருப்பவற்றிலும் பல அப்படித்தான். தண்ணீர் குடியுங்கள். வயிற்றில் மூன்றிலொன்று உணவு, மூன்றிலொன்று பானம், மூன்றிலொன்று மூச்சுக்கு என்று ஹழ்ரத் மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் வருவது உச்ச வரம்பாகும். முதுகை நிமிர்த்தச் சில கவளங்களே போதும் என்பதுதான் அந்த ஹதீஸின் முதற்பகுதி. நாம் முதற்பகுதியை விட்டுவிட்டு மூன்றிலொன்றைப் பிடித்துக்கொண்டோம். அதையாவது பிடித்திருக்கிறோமா?

கப்பலில் காலத்தைக் காப்பது தொழுகை. தொழுகையை உடற்பயிற்சி என்று சொல்லி விளம்பரப்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அது இபாதத். ஆனால் ஐந்து வக்தைப் பேணுகிறவரின் நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேச்சில் ஈடுபடுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. கப்பல்களில் இஷாவுக்குப் பின்தான் ஆட்டமும் பாட்டும் சூதாட்டக் கூடமும் நள்ளிரவுப் பலகாரமும் தொடங்குகின்றன. பஜ்ருக்கு எழ வேண்டும் என்று நிய்யத் வைத்தவர் அந்த நேரத்தில் படுக்கையில் இருப்பார்; அந்த ஒரு நேர உணவு அப்படியே மிச்சம். பஜ்ருத் தொழுது மேல்தட்டுக்கு வந்தால் கூட்டமிராது, வெயிலுமிராது. பெண்கள் புர்காவோடும் முக்காட்டோடும் யாருடைய இடைஞ்சலுமின்றி அரைமணி நேரம் நடக்கலாம். முழங்கால் நன்றாயிருப்பவர்கள் மின்தூக்கியை விட்டுப் படியில் ஏறட்டும். இத்தனை தட்டுகள் உள்ள கப்பலில் ஒரு நாளில் ஒரு மலையே ஏறிவிடலாம்.

கிப்லாவுக்கு ஒரு குறிப்பு: இரும்புக் கப்பலில் கைப்பேசியின் திசைகாட்டி தடுமாறும். சிங்கப்பூர்க் கடற்பகுதியில் கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்காகச் சாயும் என்பதை வைத்து, சூரியன் மறையும் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்க முடிந்தவர் நின்றே தொழ வேண்டும். கப்பல் திரும்புவது தெரிந்தால் தொழுதுகொண்டே கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பல் கடிகாரத்தை நம்பி வக்தைத் தவறவிடாதீர்கள். நான்கு ரகஅத்தை இரண்டாகச் சுருக்கும் சலுகை பயணிக்கு உண்டு. தொழுகையைச் சுருக்கிக்கொண்டு சாப்பாட்டை நீட்டுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

பயணத்தின் நாட்களில் திங்களோ வியாழனோ வந்தால் நஃபில் நோன்பு வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். உடல் இடங்கொடுத்தால் தாராளமாக வைக்கலாம். எடை குறைவதற்காக மட்டும் நோன்பு என்றால் அது பட்டினி. அல்லாஹ்வுக்காக நிய்யத் வைத்தால் அது நோன்பு, எடை குறைவது உபரி. ஆனால் நோன்பு திறந்ததும் பகலின் பாக்கியையெல்லாம் கூடத்தில் தீர்க்கப் போகிறவர் வைக்காமலிருப்பதே மேல்.

மாமியார் விஷயம் தனி. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை உண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் நோன்பு வைக்கவோ வேளை உணவைத் தள்ளவோ கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்தால் நடுக்கடலில் பெரும் தொல்லையாகிவிடும். மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள். கடிகாரம் மாறினாலும் இரண்டு வேளை மருந்துக்கு இடையிலுள்ள மணிக்கணக்கு மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்தருகே தளம் வெயிலில் கொதிக்கும்; கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குச் சுட்டது தெரியாது, ஆகவே செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். முக்கியமாக, அவர்களை மட்டும் ஒரு மூலையில் கஞ்சியோடு உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் கேக் வெட்டாதீர்கள். வீட்டார் எல்லாரும் ஒரே மாதிரி உண்டால் அந்தத் தாய்க்கு மனத்தாங்கல் வராது. ஒருவர் உணவு இருவருக்குப் போதும் என்ற நபிமொழியின்படி, ஒரு துண்டு இனிப்பை எடுத்து வந்து மாமியாரும் மருமகளும் ஆளுக்குப் பாதியாக உண்ணலாம். வைத்தியர் அவ்வளவுக்கு அனுமதித்திருந்தால்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகுமுன் பள்ளிவாசலில் இரண்டு ரகஅத் தொழுவது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கமாக இருந்தது. ஆண்கள் அதைச் செய்யட்டும். நிறுக்கும் தராசில் ஒரு வாரம் கழித்து ஏறினால் போதும். அதற்குள் உப்பு நீர் வடிந்திருக்கும். வல்லாஹு அஃலம்.